அணில் கடித்த கொய்யாவும் வௌவால் கடித்த மாம்பழமும்

அணில் கடித்த பழம்தான் ருசி என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். மரத்தடியில் பாதி கடிபட்டுக் கிடக்கும் கொய்யாவை எடுத்து, பல் பட்ட இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியைச் சட்டையில் துடைத்துத் தின்ற கூட்டம் நாங்கள். 2018 மே மாதம் கோழிக்கோட்டிலிருந்து, வௌவாலிடமிருந்து வரும் நிபா வைரஸ் காய்ச்சல் பற்றிய செய்தி வந்த வாரத்தில், அப்படி வளர்த்த அம்மாவே தள்ளுவண்டிக்காரரிடம் மாம்பழத்தை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வௌவால் கடிச்சிருந்தா?" என்றார்.

நியாயமான பயம்தான். ஆனால் வௌவால் என்ன நேற்றா நம் ஊருக்கு வந்தது? தாத்தா காலத்திலும் ஊர் எல்லை ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்போது வராத நோய் இப்போது மட்டும் எப்படி வருகிறது? விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் புதிய நோய்களைப் பற்றிப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. விலங்கிடமிருந்து மனிதருக்கு நோய் வருவது புதிய விஷயம் கிடையாது. வெறிநாய்க்கடி நமக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்! மழைக்காலத்துச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்து வரும் எலிக்காய்ச்சலும், ஆடுமாடு வளர்ப்பவர்கள் பயப்படும் அடைப்பானும் அப்படித்தான். இவற்றை விலங்குவழி நோய்கள் என்கிறோம். இவற்றில் 'புதிதாகத் தலையெடுப்பவை' என்று தனியாக ஒரு வகை உண்டு. இதுவரை மனிதரிடம் பார்த்தே இராத கிருமி வருவது ஒன்று. ஏற்கெனவே தெரிந்த கிருமி புது ஊரிலோ திடீரென்று நிறைய பேருக்கோ வருவது இன்னொன்று. மனிதருக்கு நோய் தரும் கிருமிகளை 2001இல் ஆய்வாளர்கள் பட்டியல் போட்டபோது 1,415 வகை தேறின. அதில் 61 சதவீதம் விலங்குகளிடமிருந்து வரக்கூடியவை. புதிதாகத் தலையெடுப்பவற்றை மட்டும் தனியே எடுத்தால் அது 75 சதவீதம். (இது கிருமி வகைகளின் கணக்கு, நோயாளிகளின் கணக்கு இல்லை. 'நூற்றுக்கு 75 நோயாளிக்கு விலங்கிலிருந்துதான் வருகிறது' என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்ப வேண்டாம்.)

நாம் வெறும் மனித நோய் என்று நினைக்கும் சிலவும் ஒரு காலத்தில் தாவி வந்தவைதான். தட்டம்மையின் மூதாதை மாடுகளின் வெக்கை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. மாட்டோடு ஒட்டி வாழ்ந்த ஏதோ ஒரு காலத்தில் நமக்கு வந்து, அப்புறம் மாட்டின் துணையே தேவைப்படாமல் மனிதரிடமே தங்கிவிட்டது. மாடுகளின் வெக்கை நோயை 2011இல் உலகத்தைவிட்டே ஒழித்துவிட்டார்கள். நம்மிடம் தங்கிய தட்டம்மை இன்னும் போகவில்லை.

சரி, தாவுவது அவ்வளவு எளிதா?

இல்லை. கோழி வளர்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. காலையில் பார்த்தால் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கும். செத்ததை எடுத்துப் புதைப்பதும், கூண்டைக் கழுவுவதும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கு மிஞ்சிப்போனால் கண் கொஞ்சம் சிவக்கும், அவ்வளவே. கோழியைக் கொல்லும் அதே கிருமியால் மனிதரை ஒன்றும் செய்ய முடியவில்லை. இத்தனைக்கும் அந்தக் கிருமியும் தட்டம்மையும் புட்டாளம்மையும் நிபாவும் ஒரே குடும்பம். பாராமிக்ஸோ என்பது குடும்பப் பெயர். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் ஒன்று கூண்டோடு நின்றுவிடுகிறது, இன்னொன்று ஆளைக் கொல்கிறது. ஏன்?

காரணங்களில் ஒன்று பூட்டு. வைரஸால் தனியாகப் பெருக முடியாது. உடம்பின் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் வசதிகளை வைத்துத்தான் தன்னை நகலெடுக்கும். நுழைய வேண்டுமானால் உயிரணுவின் மேல்பரப்பில் இருக்கும் ஏதாவது ஒரு புரதம் அதன் சாவிக்குப் பொருந்த வேண்டும். பல வைரஸ்களின் சாவி சில இனங்களின் பூட்டுக்குத்தான் பொருந்தும். நிபா பிடித்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் எஃப்ரின்-பி2. வௌவால், பன்றி, குதிரை, மனிதன் எல்லோரிடமும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே கம்பெனிப் பூட்டு தொங்கினால் திருடனுக்கு எவ்வளவு வசதி! அதுவும் இந்தப் புரதம் இரத்தக் குழாய்ச் சுவரிலும் மூளை நரம்பணுக்களிலும் இருக்கிறது. நிபா வந்தவர்களுக்குக் காய்ச்சலோடு மூளை வீக்கம் வருவது அதனால்தான்.

ஆனால் சாவி பொருந்தினால் மட்டும் போதாது. வௌவாலின் உடம்பில் அந்த நேரம் வைரஸ் இருக்க வேண்டும். அது எச்சிலிலோ சிறுநீரிலோ வெளியே வர வேண்டும். வெயிலில் காய்ந்து சாவதற்குள் வேறொரு உயிரிடம் போய்ச் சேர வேண்டும். அங்கே எதிர்ப்பாற்றலைத் தாண்டிப் பெருக வேண்டும். அதன் பிறகு அடுத்த ஆளுக்குப் போகவும் வழி வேண்டும். வரிசையாக இத்தனை கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் ஒரு நோய் ஊரைப் பிடிக்கும். தாத்தா காலத்து ஆலமரத்து வௌவாலால் ஒன்றும் ஆகவில்லை என்றால், ஏதோ ஒரு கதவு மூடியிருந்தது என்று பொருள். புதிய நோய் வந்திருக்கிறது என்றால், அந்தக் கதவைத் திறந்தது யார் என்று தேட வேண்டும். மலேசியாவில் அப்படித் தேடியிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாமரத்தடிப் பன்றிகள்

1998 கடைசியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்களுக்குக் காய்ச்சலும் மயக்கமும் வந்து சிலர் இறந்துபோனார்கள். பன்றி, மூளைக்காய்ச்சல் இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் மருத்துவர்களுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நினைவுக்கு வந்தது. பன்றியிடமிருந்து கொசு வழியாகப் பரவும் பழைய நோய் அது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் இடித்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் செத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. நோய் வந்தவர்கள் பன்றி வளர்த்த சீன வம்சாவளியினரும், அந்தப் பண்ணைகளில் வேலை பார்த்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும்தான். பக்கத்திலேயே குடியிருந்த, பன்றியைத் தொடாத மலாய் மக்களுக்கு அநேகமாக வரவே இல்லை. கொசு மதம் பார்த்தா கடிக்கும்? அப்படியானால் இது கொசுவால் வருவதில்லை, பன்றியைத் தொடுவதால் வருவது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் என்ற வைரஸ் ஆய்வாளர், ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த வைரஸை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். தெரிந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இல்லை, யாரும் அதுவரை பார்க்காத ஒரு பாராமிக்ஸோ. அந்த நோயாளி வாழ்ந்த சுங்கை நிபா கிராமத்தின் பெயரே வைரஸுக்கும் ஆயிற்று. மலாயில் சுங்கை என்றால் ஆறு, நிபா என்பது சதுப்பில் வளரும் ஒரு பனை வகை.

அந்த ஊர் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கிறது, ஈப்போவிலிருந்து வெகு தெற்கே. வைரஸ் அங்கே எப்படிப் போயிற்று? லாரியில். பேராக் பண்ணைகளில் நோய் என்றதும் பன்றிகளை விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் நோயையும் சேர்த்து வாங்கினார்கள். சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்த பிறகுதான் நின்றது.

இதில் வௌவால் எங்கே வருகிறது? ஈப்போ பக்கத்துப் பெரிய பண்ணை ஒன்றில் பன்றிக் கொட்டிலை ஒட்டியே மாமரங்கள் வைத்திருந்தார்கள். ஒரே நிலத்தில் இரண்டு வருமானம், புத்திசாலித்தனம்தான். பழந்தின்னி வௌவால் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பழத்தைக் கடித்து, மேல்வாயில் வைத்து அழுத்தி, சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும். பாதிப் பழத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கீழே நின்ற பன்றிக்கு எச்சில் மாம்பழம் இலவசமாகக் கிடைத்தது.

பன்றிக்கு நிபா வந்தால் பெரும்பாலும் இருமல்தான், குரைப்பதுபோல் சத்தமான இருமல். செத்தவை குறைவு, அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் இருமுகிற பன்றி வைரஸை மனிதர் முகத்துக்கு நேராகவே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. வௌவாலிடம் கொஞ்சமாக இருந்ததைப் பன்றி பெருக்கிக் கொடுத்தது. இப்படி நடுவில் நின்று பெருக்கிக் கொடுக்கும் விலங்கு பல புதிய நோய்களில் உண்டு. 2002-03இல் சார்ஸ் என்ற நுரையீரல் காய்ச்சல் பரவியபோது சீனச் சந்தைகளில் விற்ற மரநாய் அந்த வேலையைச் செய்தது. அரபு நாடுகளின் மெர்ஸ் நோய்க்கு ஒட்டகம்.

ஆரம்பத்தில் சிலர், இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகையால் வௌவால்கள் விரட்டப்பட்டு வந்தன என்றார்கள். கேட்கக் கவர்ச்சியான விளக்கம். ஆனால் பண்ணையின் கணக்குகளைத் தோண்டிப் பார்த்து 2012இல் வந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது, எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. வைரஸ் அந்தப் பண்ணைக்குள் ஒரு தடவைக்கு மேல் நுழைந்திருக்கிறது. முதல் தடவை எல்லாப் பன்றிக்கும் மளமளவென்று வந்து, எதிர்ப்பாற்றல் உண்டாகி, தானே அணைந்துவிட்டது. அடுத்த தடவை அணையவில்லை. பெரிய பண்ணையில் குட்டிகள் ஓயாமல் பிறக்கின்றன, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. அடுப்புக்கு விறகு வந்துகொண்டே இருந்தது. பத்துப் பன்றி வைத்திருந்த பழைய கொல்லைப்புறப் பண்ணை என்றால் அதே வைரஸ் நாலு நாள் எரிந்து அவிந்திருக்கும், யாருக்கும் தெரிந்தே இருக்காது. தாத்தா காலத்துக் கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

மலேசியாவில் அதற்குப் பிறகு மனிதருக்கு நிபா வரவில்லை.

பன்றியே வேண்டாம் என்ற ஊர்

வங்கதேசத்தில் 2001 முதல் அநேகமாக ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நிபா வருகிறது. அங்கே நடுவில் பன்றி இல்லை. ஈச்சமரம் இருக்கிறது.

நாம் பனையில் பதநீர் இறக்குவதுபோல அவர்கள் ஈச்சமரத்தில் சாறு இறக்குகிறார்கள். மாலையில் மரமேறி, தலைப்பகுதியில் பட்டையைச் செதுக்கி, வழியும் சாறு பானையில் விழும்படி கட்டிவிட்டு இறங்குவார்கள். இரவெல்லாம் சொட்டும். விடியற்காலையில் இறக்கி, குளிரக் குளிர அப்படியே குடிப்பது அங்கே பெரிய விருந்து. பெரியவர், சின்னவர் எல்லோரும் ஒரு டம்ளர். 2004-05 குளிர்காலத்தில் டாங்காயில் மாவட்டத்தில் நோய் வந்தவர்களை விசாரித்தபோது, அவர்களில் பலர் இந்தப் பச்சைச் சாற்றைக் குடித்திருந்தது தெரிந்தது. மரத்தில் இருட்டிலும் பார்க்கும் கேமராவைக் கட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் வௌவால் வந்து, செதுக்கிய பட்டையில் தொங்கிக்கொண்டு, வழியும் சாற்றை நக்குவது பதிவானது. நக்குகிற இடத்திலேயே சிறுநீரும் கழிக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மூங்கில் சிம்பையோ சணல் குச்சியையோ பாய்போல முடைந்து, செதுக்கிய இடத்தையும் பானை வாயையும் சேர்த்து மறைத்துக் கட்டுவது. அந்தத் தட்டிக்குப் 'பானா' என்று பெயர். கேமராவில் பார்த்தால் வௌவால் வருகிறது, சுற்றுகிறது, வாய் வைக்க இடம் கிடைக்காமல் போய்விடுகிறது. மரத்தை வெட்ட வேண்டாம், வௌவாலைக் கொல்ல வேண்டாம், சாறு குடிப்பதையும் விட வேண்டாம். ஆனால் எல்லா மரத்துக்கும் தட்டி கட்ட ஆளும் நேரமும் வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது. அதனால் பச்சையாகக் குடிக்காதீர்கள், காய்ச்சி வெல்லமாக்கினால் பயமில்லை என்றும் சொல்லி வருகிறார்கள்.

மலேசியாவில் இல்லாத இன்னொன்று வங்கதேசத்தில் நடந்தது. நோயாளியிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குப் பரவியது. 2001 முதல் 2014 வரை பார்த்த 248 பேரில் 82 பேருக்கு இன்னொரு மனிதரிடமிருந்துதான் வந்தது. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாயைத் துடைத்து, மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்து, கூடவே படுத்துக்கொள்ளும் அன்பு நமக்கும் பழக்கமானதுதானே. எச்சிலும் இருமலும் அந்த வழியில் போயின.

இங்கே ஒரு எண்ணைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பது அது. வங்கதேச நிபாவுக்கு அது 0.33. அதாவது நூறு பேருக்கு வந்தால் அவர்களிடமிருந்து 33 பேருக்கு, அவர்களிடமிருந்து 11 பேருக்கு, பிறகு 3 அல்லது 4, அப்புறம் ஒன்று, அப்புறம் முடிந்தது. எண் ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை எந்த நோயும் தானாக வடிந்துவிடும். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை என்பார்கள். ஆக, நிபா வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது எவ்வளவு பயங்கரமோ, அது ஊரெல்லாம் பரவும் திறமை இல்லாத வைரஸ் என்பதும் அவ்வளவு உண்மை. ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. ஒவ்வொரு தடவை மனிதருக்குள் வரும்போதும் வைரஸ் லட்சக்கணக்கில் நகலெடுக்கிறது, நகலெடுப்பதில் பிழைகள் வருகின்றன. அந்தப் பிழைகளில் ஒன்று அந்த எண்ணை ஒன்றுக்கு மேலே தூக்கிவிட்டால்? லாட்டரிச் சீட்டு வாங்குவதுபோலத்தான். விழாது, விழாது என்றாலும் எத்தனை சீட்டு வாங்குகிறோம் என்பது கணக்கில் வருகிறது.

அந்த எண் எல்லா இடத்துக்கும் ஒன்றே இல்லை. மருத்துவமனைக்குள் எகிறும். 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளியைப் பார்க்கப் போனவர்களும்தான். அது நிபா என்றே சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கோழிக்கோட்டிலும் கிட்டத்தட்ட அதே பாதை. பேராம்பிரா பக்கத்தில் ஒரு குடும்பத்தில் முதலில் ஒருவர் இறந்தார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. அதே வீட்டில் இரண்டாவது ஆளும் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தபோது, ஒரே வீட்டில் இருவருக்கு மூளைக்காய்ச்சல் என்பது சாதாரணம் இல்லையே என்று மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மணிப்பால் ஆய்வகத்துக்கு மாதிரி போனது, புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் உறுதி செய்தது. அதற்குள் முதல் நோயாளி படுத்திருந்த வார்டிலும் அவர் காத்திருந்த தாழ்வாரத்திலும் பலருக்குத் தொற்றியிருந்தது. அவரைக் கவனித்த செவிலியர் லினியும் இறந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 19 பேர், அதில் 17 சாவு. எண்ணிக்கை அதோடு நின்றதற்குக் காரணம் மருந்து இல்லை. இரண்டாவது நோயாளியிலேயே கண்டுபிடித்ததும், தொடர்பில் இருந்தவர்களைத் தேடித்தேடிப் பட்டியல் போட்டுத் தனிமையில் வைத்ததும்தான்.

அந்த வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. எல்லோர் சந்தேகமும் அவற்றின் மேல்தான் பாய்ந்தது. பிடித்துச் சோதித்தால் அவை பூச்சி தின்னும் வௌவால்கள், ஒன்றிலும் வைரஸ் இல்லை. பிறகு அப்பகுதிப் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது சிலவற்றில் கிடைத்தது. முதல் நோயாளிக்கு எந்தப் பழம், எந்தக் கணம் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. கேரளத்தில் 2019, 2021, 2023, 2024 என்று அது திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் நம் பக்கம் வாளையாறு மாதிரியான எல்லைச் சாவடிகளில் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் கருவி நீட்டப்படுகிறது.

(கோவிட் எங்கே என்று கேட்பீர்கள். அது எப்படித் தாவியது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முதன்முதலாகப் புரிந்துகொள்ள முயல்பவர்களுக்கு முடிந்த வழக்குகளே போதும் என்று விட்டுவிட்டேன்.)

எல்லாத் தாவலும் கடித்த பழத்தில்தான் நடக்கும் என்றில்லை. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு விறகு பொறுக்கவும் இலைதழை அள்ளவும் போனவர்களுக்கு இரத்தக்கசிவோடு காய்ச்சல் வந்தது. கன்னடத்தில் மங்கன காயிலெ, குரங்கு நோய். குரங்கும் பாவம், அதுவும் நம்மைப்போல் நோயாளிதான். பரப்புவது உண்ணி. குரங்கு செத்து மரத்திலிருந்து விழுந்ததும், அதன் உடம்பில் ஒட்டியிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் புல்லில் காத்திருக்கும். அந்த இடத்தை மிதிக்கிறவருக்குக் கடி. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது போகாது, நம்மோடு முட்டுச்சந்து. அந்தக் காட்டில் செத்த குரங்குதான் முதல் எச்சரிக்கை மணி. அதை வனக்காவலர் பார்த்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் சுகாதார நிலையத்துக்குச் சொன்னால்தான் ஆளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே தடுக்கலாம். மூன்று துறைகளும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்கிற ஊர் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2012க்குப் பிறகு இந்த நோய் பந்திப்பூர், வயநாடு, நம் நீலகிரி எல்லை வரை தலைகாட்டியிருக்கிறது.

தாத்தா கேள்வியின் மீதிப் பாதி

அது ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. 1994இல் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா என்ற பகுதியில் பந்தயக் குதிரைகள் மூச்சுத் திணறிச் செத்தன. அவற்றைப் பராமரித்த பயிற்சியாளரும் இறந்தார். நிபாவின் நெருங்கிய பங்காளி அந்த வைரஸ், வௌவாலிடமிருந்து குதிரை வழியாக வருவது. இதுவரை 7 மனிதருக்கு வந்து 4 பேர் இறந்திருக்கிறார்கள்.

சில குளிர்காலங்களில் குதிரைகளுக்கு வருகிறது, சிலவற்றில் வரவே இல்லை. ஏன் என்று இருபது வருடத்துக்கும் மேலான கணக்கை எடுத்து வைத்து 2022இல் ஓர் ஆய்வு விடை சொன்னது. அங்கே குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகள்தான் வௌவாலுக்குச் சாப்பாடு. (நம்மூரில் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று திட்டு வாங்கும் தைலமரம், அங்கே சொந்த மண்ணின் மரம்.) அந்தக் காடுகளில் பெரும்பகுதியை வெட்டியாகிவிட்டது. பூ கிடைக்காத வௌவால்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, ஊருக்குள்ளும் குதிரை மேய்ச்சல் நிலத்து அத்திமரங்களிலும் வந்து குடியேறின. பட்டினி கிடக்கும் வௌவாலின் உடம்பிலிருந்து வைரஸும் அதிகமாக வெளியேறுகிறது. மிச்சமிருக்கும் காடு எப்போதாவது நன்றாகப் பூக்கும் குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கேயே திரும்பிப் போய்விடுகின்றன. அந்த வருடம் குதிரைக்கு நோய் இல்லை.

'வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, வைரஸ் பார்வையில் அது ரொம்பப் பொருத்தம். ஆயிரக்கணக்கில் ஒட்டித் தொங்குவதால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கிருமி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் வௌவாலுக்கு அதனால் பெரிய உபத்திரவம் இல்லை. வைரஸை அடக்கி வைக்கத் தெரியும், நம் உடம்பைப்போல் பதறிப்போய்த் தன்னையே எரித்துக்கொள்வதில்லை. நெடுங்காலமாகச் சேர்ந்து குடித்தனம் நடத்தியதில் இரண்டுக்கும் ஓர் உடன்பாடு வந்துவிட்டது. நமக்கும் அந்த வைரஸுக்கும் இன்னும் பழக்கமாகவில்லை.

அப்படியென்றால் வௌவால்களை ஒழித்துவிட்டால் என்ன? நிபா செய்தி வரும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லுவார்கள். உகாண்டாவில் செய்து பார்த்துவிட்டார்கள். கிடாகா என்ற சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்ற கொடிய காய்ச்சல் வந்தது, அங்கே குடியிருந்த வௌவால்களிடமிருந்து. அடுத்த வருடம் குகையின் வாயை அடைத்து, வலை போட்டு, கிட்டத்தட்ட மொத்தக் கூட்டத்தையும் கொன்றார்கள். 2012இல் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இபாண்டா நகரில் மறுபடி மார்பர்க் வந்தது. சுரங்கத்தில் போய்ப் பார்த்தால் புதிய வௌவால்கள் கொஞ்சம் குடியேறியிருந்தன. முன்பு நூற்றுக்கு ஐந்து வௌவாலிடம் இருந்த வைரஸ் இப்போது நூற்றுக்கு 13இடம் இருந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற பழைய கூட்டம் போய், பெறாத புதுக் கூட்டம் வந்ததில், குட்டிகளே விறகாகிப்போன மலேசியப் பண்ணையின் கதைதான் இங்கேயும். அதுபோக, இரவில் பூவுக்குப் பூ போய் மகரந்தம் சேர்ப்பதும், விதையைக் காடெங்கும் தூவுவதும் வௌவால்தான். தீபாவளிக்கு வெடி வெடித்தால் பறந்துவிடும் என்று பட்டாசையே விட்ட கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து யாரும் இதுவரை நோய் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை. வௌவால் மரத்தில், ஆள் வீட்டில். நடுவில் கொட்டிலும் பானையும் இல்லை.

வீட்டளவில் என்ன செய்வது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. கடிபட்ட பழத்தை ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போட வேண்டாம். நல்ல பழத்தைக் கழுவி, தோல் சீவித் தின்னலாம். திறந்த கிணற்றுக்கும் கள்ளுப் பானைக்கும் மூடி நல்லது. விழுந்து கிடக்கும் வௌவாலையோ செத்த குரங்கையோ வெறுங்கையால் தொடாமல் தகவல் சொல்லுங்கள். காய்ச்சலோடு குழப்பமாகப் பேசும் நோயாளியைக் கவனிக்கிறவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கொய்யா மரத்தடியில் பாதி கடித்த பழம் ஒன்று கிடந்தது, நல்ல சிவப்புக் கொய்யா. "அணில் கடிச்சதுடா, பல்லு பாரு சின்னதா இருக்கு" என்றார் அம்மா. நானும் குனிந்து பார்த்தேன். பல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் பகலில் அணில் கடித்த பழத்தை இரவில் வேறு யாரும் வாய் வைக்கவில்லை என்று பழத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. காலால் தள்ளி மண்ணைப் போட்டு மூடிவிட்டு, கொக்கியை எடுத்துவந்து கிளையிலிருந்து ஒன்று பறித்துக் கொடுத்தேன். அது கொஞ்சம் துவர்த்தது.